குதிரை செதுக்காத கொல்லன்

அகுனியோ தெருவில் நடந்துபோனால் எங்கள் ஊர் ஆண்களுக்கு நாக்கு அரிக்கும். மேலண்ணத்தில் நாக்கை ஒட்டி டக், டக், டக் என்று குளம்புச் சத்தம் எழுப்புவார்கள். ஒருவன் ஆரம்பித்தால் போதும், உரலில் கம்பு இடிக்கிற பெண்கள்வரை சிரிப்பு பரவிவிடும். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் எவன் நாக்கு முதலில் அசைந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை அந்த ஆளுக்கு அவன் செய்து தருகிற மரப்பூட்டு மழை நாளில் உப்பிக்கொண்டு திறக்காது. களைக்கொத்து பாதி வயலில் காம்பைவிட்டுக் கழன்று விழும். போய்க் கேட்டால், "நாக்கால தட்டிப் பாரு, சரியாயிரும்" என்பான்.

ஊருக்கு ஒரே கொல்லன் அவன். இரும்பும் அவன் கையில், மரமும் அவன் கையில். முகமூடி, முக்காலி, குதிர்க் கதவு, முன்னோர் உருவம் எதுவானாலும் அவனுடைய மரம் செதுக்கும் வாய்ச்சி பட்டுத்தான் வர வேண்டும். பக்கத்து ஊர்க் கொல்லன் இங்கே வந்து உளி வைக்க மாட்டான், அவர்களுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. அதனால் அவனை வெறுத்தவர்களும் அவன் பட்டறைக்குத்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. அவனும் எங்கள் கம்பைத்தான் தின்ன வேண்டியிருந்தது. அறுவடையில் ஒவ்வொரு வீடும் கொல்லனுக்கென்று கதிர்க்கட்டு ஒதுக்கும். அதை அவன் வாசலில் எறிந்துவிட்டு வருவோமே தவிர, அவன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டோம். பெண் கொடுக்க மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். இதற்கு வெட்கப்பட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கேட்டதை எல்லாம் செய்தவன் ஒன்றை மட்டும் செய்ய மாட்டான். குதிரையும் குதிரை மேல் ஆளும். யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், மாட்டான்.

அவனுக்குப் பால்பல் விழுகிற வயதில் சமவெளியிலிருந்து குதிரைக்காரர்கள் வந்தார்கள். கதிர் முற்றினால் வருவது அவர்கள் வழக்கம். கம்பையும் அள்ளுவார்கள், ஆளையும் அள்ளுவார்கள். தூரத்தில் தூசி கிளம்பினதும் ஊர் மொத்தமும் பாறைமேல் ஏறிவிடும். பாறை இடுக்கில் இருக்கிற மேடையிலிருந்து பொந்தன்புளி மரத்துப் பட்டை நாரில் திரித்த கயிறு தொங்கும். செத்தவர்களை மேடைக்குப் பின்னால் இருக்கிற குகைக்கு ஏற்றுவதும் அதே கயிறுதான். அது தியாங்குனோ என்பவரின் வீட்டாருடையது, கொல்லரைத் தவிர ஊர் மொத்தமும் அதில்தான் ஏறும். கொல்லர் வீட்டுக்குத் தள்ளி ஒரு தனிக் கயிறு, மெல்லியது, அவர்களே திரித்துக்கொண்டது. எங்கள் கயிற்றை அவர்கள் தொட்டால் தீட்டு. எங்கள் ஆடுகளை அதில் கட்டி ஏற்றலாம், அதற்குத் தீட்டில்லை.

அன்று அகுனியோவின் அப்பன் வெளியூரில் இருந்தான். பையன் கொல்லர் கயிற்றில் ஏறி மேடையைத் தொட்டான், கயிறு அறுந்தது. கீழே அவன் அம்மா யாமியோ நின்றாள். அறுந்த கயிற்றைப் போட்டுவிட்டு அவள் பெரிய கயிற்றை நோக்கி ஓடினாள். மேடை விளிம்பில் குப்புறப் படுத்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தாள். மேலே நின்ற தியாங்குனோ, அப்போது மீசை அரும்பின இளவட்டம், கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். அவள் கை வெறுங்கையானது. அப்புறம் தூசி, குதிரைகள், வேறொன்றும் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் குகைக்குள் இருந்தார்கள்.

பையன் கண்டதைச் சொன்னான். கன்னத்தில் அறை விழுந்தது. தியாங்குனோ வேறு கதை சொன்னான். கொல்லன் பெண்டாட்டி தானாகவே ஒரு குதிரைக்காரனின் அங்கவடியில் கால் வைத்து, சிரித்துக்கொண்டே ஏறிப்போனாளாம். ஊருக்கு இந்தக் கதை ருசியாக இருந்தது. ஊர் திரும்பிய அப்பன் நம்பினானோ இல்லையோ, வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் கதிர்க்கட்டு வேண்டுமே.

ஓடிப்போனவளுக்குச் சாவுச் சடங்கு கிடையாது. சடங்கு இல்லையென்றால், செத்தவர்களுக்குக் கூழ் ஊற்றுகிற இடத்தில் அவளுக்கென்று ஒரு கலயம் கிடையாது. கலயம் இல்லாத செத்தவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. வருஷா வருஷம் எல்லா வீட்டிலும் கூழ் ஊற்றும்போது அகுனியோ பட்டறைக்குப் போய் உலையை மூட்டுவான். இன்னொன்றும் அவனை அரித்தது. இத்தனை வருஷமாக எல்லாரும் மாற்றிச் சொல்லச் சொல்ல, தான் கண்டது கண்டதுதானா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவின் முகம் மறந்துபோயிருந்தது. கயிற்றில் இருந்த இரண்டு கைகள் மட்டும் ஞாபகம் இருந்தன. அதுவும் பொய்யாக இருந்தால்? இந்தப் பயத்தை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் தலை நரைத்த காலத்தில் ஊரின் ஹோகோன் செத்துப்போனார். இருப்பவர்களில் மூத்தவர்தான் அடுத்த ஹோகோன், ஊருக்கும் மழைக்கும் பொறுப்பான பூசாரி. மூத்தவர் என்றால் தியாங்குனோ. கண்ணில் படலம் விழுந்து, தடியைத் தட்டித் தட்டி நடக்கிற கிழவர். ஹோகோன் குதிரையில் வர வேண்டும் என்பது எங்கள் சாத்திரம். இந்தப் பாறையில் குதிரை எங்கே ஏறும்? அதனால் ஹோகோனுக்கு மரத்தில் குதிரை, மேலே மரத்தில் ஒரு ஆள். ஹோகோன் செத்தால் அவருடைய உருவம் அவரோடு குகைக்குப் போய்விடும். புது ஹோகோனுக்குப் புது உருவம். அது இல்லாமல் ஹோகோனுக்கு உரிய சிவப்புத் தொப்பி தலையில் ஏறாது.

கேட்க வந்தவன் கிழவரின் தம்பி மகன் அமோனோ. ஊரிலேயே நாக்கால் குளம்படி சுத்தமாகப் போடுகிறவன் அவன்தான். பட்டறை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான். எதிரியானாலும் குசலம் விசாரிக்காமல் எங்களுக்குப் பேச்சு தொடங்காது. வீடு நலமா, பெண்டாட்டி நலமா, ஆடு நலமா, வெங்காயப் பாத்தி நலமா என்று அமோனோ வரிசையாகக் கேட்க, அகுனியோ இரும்பை அடித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் நலம் நலம் என்று உறுமினான். பிறகு அவன் முறைக்கு அதே வரிசையில் கேட்டான். கேட்கும்போதே எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்பது போலத்தான் இருந்தது.

"பெரியவருக்கு உருவம் வேணும். மழைக்கு முன்னாடி" என்றான் அமோனோ.

"முக்காலி செஞ்சு தாரேன்."

"முக்காலியில ஏறியா ஹோகோன் வருவாரு? குதிர வேணும், மேல ஆளு வேணும். உங்கப்பன் செய்யலயா?"

"செஞ்சான். எங்கம்மாவுக்குச் சாவு எடுங்க, நானும் செய்யறேன்."

"செத்தாத்தான சாவு எடுக்க? அது எவன் கொட்டாயில கூழு கிண்டிக்கிட்டு இருக்கோ." சொல்லிவிட்டு, அடக்க முடியாமல், அமோனோ நாக்கைத் தட்டினான்.

அகுனியோ பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியோடு தூக்கி அவன் காலடியில் போட்டான். அமோனோ துள்ளிக் குதித்த குதியில் செருப்பு ஒன்று பட்டறை வாசலிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்து அகுனியோ உலையில் போட்டு எரித்தான்.

ஆண்கள் கூடும் தோகுனாவில் அன்றே பேச்சு எழுந்தது. அந்தக் கூரை வேண்டுமென்றே தாழ்வாகப் போட்டது, கோபத்தில் எழுகிறவன் தலையில் இடித்துக்கொண்டு உட்காருவான். அன்று பல தலைகள் இடிபட்டன. கடைசியில் முடிவானது இதுதான்: உருவம் வரும்வரை கொல்லனுக்கு ஒரு கதிர்கூடக் கிடையாது. களத்திலிருந்து அவன் வாசல்பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அவன் பெண்டாட்டி யாபெமா லேசுப்பட்டவள் அல்ல. முதலில் ஊரைத் திட்டினாள், வீடு வீடாகப் பெயர் சொல்லித் திட்டினாள். குதிர் காலியானதும் புருஷன் பக்கம் திரும்பினாள். பேரப்பிள்ளைகள் வெறும் பொந்தன்புளிக் கீரையை வேகவைத்துத் தின்கிற நிலை வந்திருந்தது.

"ஏய்யா, நீ செதுக்காம இருந்தா உங்கம்மா எறங்கி வந்துருவாளா?"

அவன் உலைச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"இத்தன வருசம் வாய மூடிக்கிட்டு இருந்த. என்ன கெடச்சுது? டக்கு டக்குன்னு சத்தந்தான் கெடச்சுது. குதிரதான கேக்கறானுவ, குதிரையக் குடு. ஆனா நீ என்ன கண்டியோ அதச் செதுக்கிக் குடு. கெழவன் கையால அதத் தொடட்டும்."

அவன் எழுந்து பட்டறைக்குப் போனான். பிறகு வாய்ச்சியை எடுத்துச் சாணைக்கல்லில் தீட்ட உட்கார்ந்தான்.

வேலை நடந்த நாட்களில் பட்டறைக்குள் யாரையும் விடவில்லை. அவன் கண்ட குதிரைகள் மேலேயிருந்து, படுத்தபடி, பயத்தோடு கண்டவை. அதனால் அவன் குதிரைக்குக் கால் குட்டை, முதுகு நீளம், வாய் கடிக்க வருகிற மாதிரி திறந்திருக்கும். மேலே உட்கார்ந்த ஆளுக்குத் தாடியும் நிமிர்ந்த தலையும் வைத்தான், ஹோகோனுக்கு உரியது எதையும் குறைக்கவில்லை. கடிவாளத்தை மட்டும் வைக்கவில்லை. ஆளின் ஓங்கிய கையில் சுருட்டிய கயிறு இருந்தது, நார் முறுக்கு ஒவ்வொன்றும் விரலுக்குப் படும்படி. அந்தக் கயிறு குதிரையின் விலாவில் வழிந்து குளம்புவரை இறங்கியது. அதன் நுனியில் இரண்டு சின்னக் கைகள். கைக்கு உரிய ஆள் இல்லை, முகம் அவனுக்கு மறந்துபோனதே. கைகளைச் செதுக்கி முடித்த அன்று அவன் அழுதான், அழுதுகொண்டே எங்கள் எல்லாரையும் திட்டினான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று யாபெமா அதைக் காதால் கேட்டாள், பிறகு அவள்தான் எங்களிடம் சொன்னாள்.

உருவம் வாங்குகிற நாளில் ஆண்கள் எல்லாரும் கிழவர் வீட்டு முற்றத்தில் கூடினோம், பெண்கள் சுவருக்கு வெளியே. அகுனியோ துணி போர்த்திய உருவத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு விலகி நின்றான். உருவத்தை முதலில் அறிய வேண்டியது ஹோகோனாகப் போகிறவரின் கைதான். அவர் துணிக்குள் கைவிட்டுத் தலைமுதல் குளம்புவரை தடவி, இது என் குதிரை என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் துணியை எடுப்போம், கூழ் ஊற்றுவோம். அதற்கு முன் வேறு கண் அதைப் பார்க்கக் கூடாது.

தியாங்குனோ துணிக்குள் கையை விட்டார். தாடியைத் தொட்டதும் சிரித்தார். கொல்லன் வழிக்கு வந்துவிட்டான் என்று அமோனோ என் காதில் சொன்னான். கிழவர் விரல்கள் ஓங்கின கைக்குப் போயின, அங்கே நின்றன. பிறகு மெதுவாகக் கீழே இறங்கின. துணி அசைகிறதை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குளம்புப் பக்கம் போன கை, சூடு பட்ட மாதிரி வெளியே வந்தது.

"கை இல்ல" என்றார் கிழவர். குரல் கிழிந்தது. "கை எங்க இருந்துச்சு? அவ கயித்தத் தொடவே இல்ல. கொல்லன் பொண்டாட்டி கை படறதுக்குள்ள நான் இழுத்துட்டேன். எங்க வீட்டுக் கயித்துக்குத் தீட்டு வர விடல நான். அது தப்பா? எவனாச்சும் சொல்லுங்கடா, தப்பா?"

அவருக்கு அது பெருமைதான். குலத்துக் கயிற்றைக் காப்பாற்றியதை இத்தனை காலம் சொல்ல முடியாமல் வைத்திருந்திருக்கிறார். தன் வாயால் என்ன கொட்டிவிட்டோம் என்பது, முற்றத்தில் யாரும் பதில் சொல்லாததைக் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. துணிக்குள் என்ன இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. அவளைப் பற்றி அன்று ஒருவரும் பேச்செடுக்கவும் இல்லை.

அகுனியோ முன்னால் வந்து துணியை உருவினான். எல்லாரும் பார்த்தோம். சுவருக்கு வெளியே விஷயம் வாய்க்கு வாய் தாவுவது கேட்டது.

"அப்ப அவ குதிரையில ஏறிப் போகல" என்றான் அகுனியோ.

அமோனோ எழுந்து, வயசான மனுஷர், புத்தி தடுமாறிப் பேசுகிறார் என்று சமாதானம் சொல்லப் பார்த்தான். அவனை உட்காரச் சொன்னது கொல்லன் அல்ல, எங்கள் ஆட்களே. பாசம் வந்து சொல்லவில்லை, மழைப் பயத்தில் சொன்னார்கள். சாவு ஒன்றைச் சடங்கில்லாமல் விட்டவன் தொப்பி போட்டால் மேகம் திரளாது. உருவத்தைக் கொல்லன் திருத்தித் தந்தால் என்ன என்று ஒருவன் கேட்டான். "வாய்ச்சி தாரேன், நீயே செதுக்கிக்க" என்றான் அகுனியோ. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

சடங்கு செய்ய ஊர் ஒத்துக்கொண்டது. அவன் ஒரு நிபந்தனை போட்டான். உடல் இல்லாததால் துணிமூட்டையைத்தான் குகைக்கு ஏற்ற வேண்டும். அதைப் பெரிய கயிற்றில்தான் ஏற்ற வேண்டும், இழுப்பது தியாங்குனோவாக இருக்க வேண்டும். தொப்பி போட்டபின் ஹோகோனை யாரும் தொட முடியாது, வேலையும் சொல்ல முடியாது. ஆகவே அதற்கு முன்னால். அமோனோ பல்லைக் கடித்தான். கொல்லன் கை பட்ட மூட்டை தங்கள் கயிற்றில் ஏறுவதா என்று பலரும் பல்லைக் கடித்தார்கள். ஆனால் வானத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார்கள்.

கிழவரைக் கூடையில் வைத்து மேடைக்கு ஏற்றினோம். கீழே, அவன் அம்மா நின்ற அதே இடத்தில், அகுனியோ மூட்டையோடு நின்றான். யாபெமா நெய்த வெள்ளைத் துணியில் கட்டியிருந்தது. ஊர் மொத்தமும் கூடியிருந்தது, அழத்தான் ஒருவரும் வரவில்லை. கயிறு இறங்கியது. அவன் மூட்டையைக் கட்டினான், முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு முடிச்சுக்கு மேலே கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மேலே கிழவர் இழுத்தார். கயிறு விறைத்தது, ஏறவில்லை. மறுபடியும் இழுத்தார்.

"விடுடா கொல்லா" என்றார் மேலேயிருந்து.

"அவ இப்பிடித்தான் புடிச்சிருந்தாளா?"

"விடுடா."

"ரெண்டு கையாலயும். நான் பாத்தேன். பாத்தேனா இல்லையா?"

பக்கத்தில் அமோனோ வந்து அவன் தோளைப் பிடிக்கப் பார்த்தான். தொட்டால் தீட்டு என்று நினைத்தானோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டான். மேலே கிழவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அந்தக் கண்ணுக்குக் கீழே நிற்கிற ஆள் தெரிந்திருக்காது. கயிற்றில் இருக்கிற கனம் மட்டும் கைக்குத் தெரிந்திருக்கும்.

"ஆமா, புடிச்சிருந்தா" என்றார். "தீட்டெல்லாம் ஒண்ணுமில்ல. குதிரைங்க கிட்ட வந்துருச்சு, எனக்குப் பயமா இருந்துச்சு."

கொல்லன் பெண்டாட்டி கை பட்ட அந்தக் கயிற்றில்தான் அதன்பிறகு எங்கள் வீட்டுச் சாவுகள் எல்லாம் ஏறியிருந்தன. என் அப்பன், என் அண்ணன், தியாங்குனோவின் பெண்டாட்டி. கூட்டத்தில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அகுனியோ கயிற்றை விட்டான். மூட்டை பாறையில் இடித்து இடித்து மேலே போயிற்று. அது குகைக்குள் போகும்வரை நின்று பார்த்துவிட்டு, அவன் வீட்டுக்குக் கிளம்பினான். அமோனோ வழியில்தான் நின்றான், அவன் நாக்கைத் தட்டவில்லை.